டைகரில் கிட் ஏற்றிய கதை: ஜனவரி குறிப்புகள்

2026 ஜனவரி 3, சனி

சித்தப்பாவின் ஐபுக் ஜி4 (ஆப்பிளின் பழைய லேப்டாப்) இந்த மாதம் முழுக்க என் பொறுப்பில். 2003-இல் வந்த மாடல். 800 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி செயலி, 640 எம்பி ரேம். ஓடுவது மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4.11, அதாவது 2005 ஏப்ரலில் வெளியான டைகரின் கடைசித் திருத்தம். அடுத்து வந்த லெப்பர்டு 867 மெகாஹெர்ட்ஸாவது கேட்டதால் இந்த இயந்திரம் டைகரோடு நின்றுவிட்டது.

உழவு, பாசனம் சார்ந்த வட்டாரச் சொற்களை அவர் பல வருடமாகச் சேர்ப்பது இதில்தான். புது லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "கை இந்தக் கீபோர்டுக்குப் பழகிடுச்சுடா. இருக்குறத நல்லபடியா வச்சுக் குடு, போதும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. திரை நன்றாக இருக்கிறது, ஒரு விசைகூடத் தேயவில்லை.

வேலை இரண்டு. அன்றன்று எழுதியது, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் வழியாக வெளியே ஒரு சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். சொற்களைத் தேட நான் சி++17-இல் (சி++ நிரல்மொழியின் 2017 பதிப்பு) எழுதி வைத்திருக்கும் சின்ன நிரல் இதிலேயே ஓட வேண்டும்.

ஜனவரி 4, ஞாயிறு

முதல் தடை வாசலிலேயே. இணையத் தொடர்பை மறையாக்கும் நெறிமுறை டிஎல்எஸ், அதைச் செய்து தரும் நூலகம் ஓபன்எஸ்எஸ்எல். டைகரோடு வந்த ஓபன்எஸ்எஸ்எல் 0.9.7-க்கு டிஎல்எஸ் 1.0-க்கு மேல் தெரியாது. இன்றைய பெரும்பாலான தளங்கள் 1.2-க்குக் கீழே பேசுவதில்லை. புது ஓபன்எஸ்எஸ்எல் மூலநிரலை இறக்கவே புது ஓபன்எஸ்எஸ்எல் வேண்டும்!

சரி, என் லேப்டாப்பில் பைத்தானின் எச்டிடிபி சர்வரை ஓடவிட்டு, வீட்டு நெட்வொர்க்குக்குள் சாதாரண எச்டிடிபியில் கோப்புகளை இழுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் செக்சம்மையும் (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) லேப்டாப்பிலேயே சரிபார்த்த பிறகுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

டிஎல்எஸ் 1.3 தெரிந்த முதல் பதிப்பு ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1. அதன் பில்ட்டுக்கு முன் ஓடும் கான்ஃபிகர் நிரலுக்கு பெர்ல் மொழியின் 5.10 பதிப்பு வேண்டும், டைகரில் இருப்பது 5.8.6. ஆகவே முதலில் பெர்ல். பெர்ல் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் பில்ட் ஆனது, அதாவது மூலநிரல் ஓடும் நிரலாக மாறியது. இத்தனை வகை இயந்திரங்களில் ஓடிப் பழகிய மென்பொருளின் அருமை இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரிகிறது.

ஓபன்எஸ்எஸ்எல் நடுவழியில் நின்றது. ஒரு வேலை முடியக் காத்திராமல் மற்றதைத் தொடர உதவும் அதன் அசிங்க் பகுதிக்கு மேக்கான்டெக்ஸ்ட், ஸ்வாப்கான்டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷன்கள் வேண்டும். அவை லெப்பர்டில்தான் வந்தன. கிட்டுக்கும், அது இணையத்தில் பேச நம்பியிருக்கும் கர்லுக்கும் அசிங்க் தேவையே இல்லை. 'நோ-அசிங்க்' என்று ஒரு சொல்லைக் கான்ஃபிகரில் சேர்த்தேன், முடிந்தது. அப்புறம் கர்ல். தளங்களை நம்பலாமா என்று சரிபார்க்க உதவும் மொசில்லாவின் வேர்ச் சான்றிதழ்க் கட்டையும் சேர்த்து வைத்தேன். டைகரில் உள்ள பழைய சான்றிதழ்களை நம்பி லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ் வைத்திருக்கும் தளம் எதற்கும் போக முடியாது.

ஜனவரி 9, வெள்ளி

இனி கம்பைலர், அதாவது மூலநிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள். ஆப்பிளின் எக்ஸ்கோடு 2.5 தொகுப்பு தரும் ஜிசிசி 4.0.1 கம்பைலருக்கு சி++11-ஏ தெரியாது, என் நிரல் கேட்பதோ சி++17. நேரே புது ஜிசிசிக்குத் தாவ முடியாது. 11-ஆம் பதிப்பிலிருந்து ஜிசிசியை பில்ட் செய்யவே சி++11 தெரிந்த கம்பைலர் வேண்டும். 10 வரைக்கும் பழைய சி++98 போதும். அதனால் 4.0.1-ஐக் கொண்டு ஆப்பிளின் 4.2, அதைக் கொண்டு 10 என்று ஏணிப்படி வைத்து ஏறுகிறேன். சி++17-க்கு 10 தாராளம்.

மேக்குக்கு மூலநிரல்களைப் பொருத்தித் தரும் மேக்போர்ட்ஸ் திட்டத்தின் ஆட்கள் இந்தப் படிகளை இன்றும் பராமரிக்கிறார்கள். டைகரை ஆப்பிள் கைவிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. யாரும் சம்பளம் தராத வேலை இது. அவர்களுடைய பேட்ச் (திருத்தக்) கோப்புகளைத் திறந்து வரிவரியாகப் படித்தேன், மனம் நிறைந்துவிட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

ஜிசிசி தன்னைத்தானே மூன்று முறை கட்டிக்கொள்ளும். இரண்டாவது, மூன்றாவது முறை வந்த ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால்தான் ஒப்புக்கொள்ளும். இந்த இயந்திரத்தில் அது ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. ரேம் போதாமல் வட்டு விடாமல் கரகரக்கிறது. மத்தியானம் கரண்ட் போனது. ஐபுக்கின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மறுபடி 'மேக்' (make) கட்டளை கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, அந்த மட்டில் நிம்மதி. யுபிஎஸ்ஸை இந்த மேசைக்கு மாற்றிவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

ஜிசிசி 10 தயார்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் வேலைகளுக்கு நடுவே கிட். அதன் மேக்ஃபைலில் (பில்ட் விதிகள் உள்ள கோப்பு) டார்வின் 8-க்கு, அதாவது டைகரின் உள்ளகத்துக்கு, தனிக் கிளை இன்னும் இருக்கிறது: எழுத்துக் குறியீடுகளை மாற்றும் ஐகான்வி நூலகம் பழையது என்று தானே கண்டுபிடித்து அதற்கேற்ப நடந்துகொள்கிறது.

மற்ற இடங்களில் திரும்பத் திரும்ப ஒரே கதை: கேட்கும் ஃபங்ஷன் டைகரில் இல்லை. கெட்லைன், எஸ்டிஆர்என்லென் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.7-இல்தான் வந்தன. ஓபன்அட் 10.10-இல். கிளாக்_கெட்டைம் 10.12-இல். எஸ்டிஆர்என்லெனை எழுத ஐந்தாறு வரி போதும். நேரம் பார்க்க டைகரிலேயே மாக்_அப்சல்யூட்_டைம் இருக்கிறது. மேக்போர்ட்ஸின் லெகசி சப்போர்ட் நூலகம் இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் நிரப்பித் தருகிறது.

பழைய இயங்குதளத்தால் புது மென்பொருளைத் தாங்க முடியாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை இனி ஏற்க மாட்டேன். இதுவரை என்னை நிறுத்தியவை எல்லாம் இப்படிப்பட்ட சின்னச் சின்ன ஃபங்ஷன்கள்தான். செயலியின் வேகம் என்னைக் காக்க வைத்தது, தடுக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

தேடல் நிரல் கம்பைல் ஆனது, துண்டுகளை இணைக்கும் லிங்க் கட்டத்தில் நின்றது: 'அடாமிக் லோடு 8' கிடைக்கவில்லையாம். 32-பிட் பவர்பிசியில் 8 பைட் முழு எண்ணை ஒரே மூச்சில் படிக்கும் கட்டளை இல்லை. அந்த வேலையை மென்பொருளிலேயே செய்யும் லிப்அடாமிக் நூலகத்தைச் சேர்த்ததும் சரியாயிற்று.

ஓடவிட்டால் தமிழ்ச் சொற்கள் வரவேண்டிய இடத்தில் சீன எழுத்தும் கொரிய எழுத்தும். கொஞ்ச நேரம் திகைப்பு, அப்புறம் புரிந்தது. சொல் அட்டவணையை லேப்டாப்பில் உருவாக்கிக் கொண்டுவந்திருந்தேன். நிரல் சார்ந்திருக்கும் ஒரு நூலகம் யுடிஎஃப்-16 எழுத்துகளை (தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்) நினைவகத்தில் இருந்தபடியே கோப்பில் கொட்டுகிறது. பைட் வரிசை எது என்று எங்கும் குறிப்பதில்லை. இன்டெல் சிறிய பைட்டை முதலில் வைக்கும், பவர்பிசி பெரியதை. 'க'-வின் குறி எண் 0பி95, பைட் புரண்டால் 950பி, அது சீன எழுத்து. 'ம' 0பிஏஇ, புரண்டால் ஏஇ0பி, கொரிய எழுத்து.

கோப்பின் தலையில் வரிசைக் குறி ஒன்றைச் சேர்த்து, தேவைப்பட்டால் மாற்றிப் படிக்கும்படி நூலகத்தைத் திருத்தினேன். பேட்சை அதன் பராமரிப்பாளருக்கும் அனுப்பிவிட்டேன். இன்டெல்லும் ஏஆர்எம்மும் மட்டுமே பார்த்துப் பழகிய நிரல்களில் இந்த வகைக் குறை எத்தனை ஒளிந்திருக்கிறதோ.

ஜனவரி 22, வியாழன்

இன்று ஒரு வருத்தம். கிட் 3.0-இலிருந்து ரஸ்ட் என்ற நிரல்மொழி கட்டாயம் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். படம் வரையும் லிப்ஆர்எஸ்விஜி நூலகம் 2017-லேயே அந்தப் பக்கம் போனது, பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகம் 2021-இல். நினைவகப் பிழைகளைக் குறைக்க ரஸ்ட் உதவுகிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரஸ்ட் நிற்பது எல்எல்விஎம் என்ற கம்பைலர் அடித்தளத்தின் மேல், எல்எல்விஎம்மோ பவர்பிசி டார்வினை எப்போதோ நீக்கிவிட்டது. விடுபட்ட ஃபங்ஷனை நான் உட்கார்ந்து எழுதலாம். ஒரு முழுக் கம்பைலருக்குப் பின்பகுதி (செயலிக்கான கட்டளைகளை உருவாக்கும் பகுதி) எழுத என்னால் ஆகாது. சி-யில் இருந்த ஏணி இங்கே இல்லை. ஜிசிசியின் வழியாகவே ரஸ்டைக் கொண்டுவர நடக்கும் முயற்சிகள்மேல்தான் என் நம்பிக்கை.

ஜனவரி 25, ஞாயிறு

சித்தப்பாவின் கோப்புகள் டிஎல்எஸ் 1.3 வழியாக சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் ஒரு பட்டனை அழுத்தினால் கமிட் (பதிவு), புஷ் (சர்வருக்கு அனுப்புதல்) இரண்டும் நடக்கும்படி ஆப்பிள்ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். பிரவுசர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பவர்பிசி மேக்குக்கான டென்ஃபோர்ஃபாக்ஸ் பிரவுசர் 2021-இல் நின்ற பிறகு இதில் இணையம் உலாவுவது பாதுகாப்பில்லை. வெளியே பேசுவது கிட் மட்டும்தான்.

பாக்கி ஒன்று. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. 3.x-க்கு மாற வேண்டும். அங்கேயும் லிப்அடாமிக் தேவைப்படும் என்று நினைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறேன்.