மெட்டிக்கும் செருப்புக்கும் ஏற்ற சாக்ஸ்

காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்து கம்பளிச் சாக்ஸ் பின்னுகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சித்திரை வெயிலில் தென்பெண்ணை மணலில் வெறுங்காலோடு நடந்தவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் மார்கழி விடியலில் இங்கே சிமென்ட் தரையில் கால் வைத்துப் பாருங்கள், தெரியும். அதைவிட, மகன் வேலை பார்ப்பது ஓசூரில். ராத்திரி ஷிப்ட். அங்கே குளிர் நம்மூர் மாதிரி ஒரு மாதத்தில் போய்விடாது.

மகனுடைய ஜோடி இப்போது இரண்டாவது கால், குதிகால் தாண்டிவிட்டது. நூல் 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான். 100 கிராம் பந்து ஏறக்குறைய 400 மீட்டர் வரும், ஒரு ஜோடிக்குப் போதும். பெங்களூரு போகிறவர்களிடம் சொல்லி வாங்குவதுதான். ஊசி 2.25 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 8 கண்ணி (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி). அவன் பாதச் சுற்றளவு 9 அங்குலம். அதில் பத்தில் ஒரு பங்கு கழித்துச் சுமார் 8 அங்குலத்துக்குப் பின்ன வேண்டும், அதாவது 64 கண்ணி. காலைவிடச் சின்னதாக இருந்தால்தான் சாக்ஸ் இழுத்துப் பிடித்து நிற்கும். பாத அளவுக்கே பின்னினால் ஷூவுக்குள் சுருண்டு கிடக்கும்.

குதிகால்தான் எனக்குப் பிடித்த இடம். 64-ல் பாதி, 32 கண்ணியை மட்டும் வைத்துக்கொண்டு 32 வரிசை மேலும் கீழுமாகப் பின்ன வேண்டும். ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்தினால் துணி தடித்துவிடும், குதிகால் சீக்கிரம் தேயாது. பிறகு நடுவிலிருந்து குறைத்துக் கிண்ணம் மாதிரி வளைத்தால் 18 மிஞ்சும். இரண்டு ஓரத்திலும் 16, 16 எடுத்தால், மேல்பாதத்து 32-ஐயும் சேர்த்து 82. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்து மறுபடி 64-க்கு வர வேண்டும். கிருஷ்ணகிரி பஸ்ஸில் இதைச் செய்ய முடியாது. பஸ்ஸுக்கு நேர்ச் சுற்றுதான்; கணக்கு எல்லாம் வீட்டில்.

மாமாவுடைய சாம்பல் நிற ஜோடி முடிந்தது. அவருக்குச் சர்க்கரை. கடைச் சாக்ஸின் எலாஸ்டிக் கணுக்காலுக்கு மேலே வரி வரியாகத் தடம் பதிக்கும். "ஏம்மா, அச்சு விழாத மாதிரி ஒண்ணு போட்டுக் குடு" என்றார். எலாஸ்டிக்கே வைக்கவில்லை. இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து 72 கண்ணி தளர்வாக ஏற்றி, கணுக்காலுக்கு வரும்போது 64 ஆக்கினேன். விரல் முனையில் தையல் மேடு வரக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்துப் போனால் உரசுவதே தெரியாது, தெரியாமலே புண்ணாகும். அதனால் கடைசிக் கண்ணிகளைத் தைக்காமல், ஊசிநூலால் கண்ணியோடு கண்ணி கோத்து மூடினேன். கையால் தடவிப் பார்த்தாலும் எங்கே முடிந்தது என்று தெரியாது. மாங்காய் சீசனில் மண்டியிலேயே கிடக்கிறவர், இப்போது அதைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்னொரு ஜோடி எப்போது என்று கேட்டுவிட்டார்.

அத்தையுடையதுதான் பெரிய வேலை. அவர்கள் ஷூ போடப் போவதில்லை. கட்டைவிரல் வார் வைத்த செருப்புதான். அதற்குக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் வேண்டும். கடையில் கிடைப்பதெல்லாம் நைலான், வேர்க்கிறது என்கிறார்கள். அடுத்த விரலில் மெட்டி வேறு.

60 கண்ணிக் குழாயைக் கட்டைவிரல் பிரியும் இடம் வரை பின்னி, காலில் மாட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். உள்பக்கத்தில் மேலே 10, கீழே 10 எடுத்து, மீதி 40-ஐ வேறு நூலில் கோத்து நிறுத்தினேன். விரலிடுக்கில் புதிதாக 4 கண்ணி ஏற்றி 24-ஆகச் சுற்றினால் கட்டைவிரல் வந்துவிடுகிறது. அப்புறம் நிறுத்திய 40, இடுக்கிலிருந்து எடுத்த 4, மொத்தம் 44-ல் நாலு விரல். இடுக்கின் இரண்டு மூலையிலும் ஓட்டை விழும். அங்கே கூடுதலாக ஒரு கண்ணி எடுத்து அடுத்த சுற்றில் சேர்த்துப் பின்னினால் அடைபடும். குறைப்பதைச் சுண்டுவிரல் பக்கமாகவே அதிகம் செய்ய வேண்டும், இல்லையென்றால் முனை கூம்பிவிடும். இதில் வலது இடது மாற்றிப் போட முடியாது என்பதால் அடுத்ததை எதிர்ப்பக்கமாகப் பின்ன வேண்டும்.

மெட்டி வருகிற இடத்தில் மெல்லிய நைலான் நூலையும் சேர்த்துப் பிடித்து, 2 மில்லிமீட்டர் ஊசியில் நெருக்கமாகப் பின்னினேன். வழவழப்பான வளைய மெட்டி இதில் சிக்கவில்லை. பூ வேலை செய்த மெட்டிக்கு இது தாங்காது என்று நினைக்கிறேன். "கோயிலுக்குப் போனா இதையும் கழட்டணுமே கண்ணு" என்பதுதான் அத்தையின் ஒரே குறை.

துவைப்பது பற்றி ஒரு வார்த்தை. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காமல் பிசுக்காகக் கம்பளியில் ஒட்டிக்கொள்கிறது. ஒகேனக்கல் குடிநீர் வருகிற அன்று ஒரு குடம் எடுத்து வைத்து, முறுக்காமல் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கையாகப் போடுகிறேன்.

அணையில் தண்ணீர் திறந்தால் சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் பையோடு போய்விடுவேன். 1767-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் கோட்டைக்காக மோதிக்கொண்ட ஊர் இது; இப்போது என்னைச் சுற்றி நிற்கிற பையன்களுக்கு என் நாலு ஊசிதான் அதிசயம். ஆடிப்பெருக்குக்கு மட்டும் எடுத்துப் போவதில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது.

அத்தையின் இடது கால் முடிந்துவிட்டது. வலதுக்கு நூல் இருக்கிறது, நைலான்தான் தீர்ந்துபோனது. மாமாவின் அடுத்த ஜோடிக்கு மாம்பழ மஞ்சள் வேண்டுமாம். அந்த நிறத்தில் பருத்தி கலந்த நூல் கிடைக்குமா என்று பெங்களூரு போகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.