வெயிலிலும் வின்டர் டயர்தான்

என் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இந்தக் கோடையிலும் பனிக்காலத்துக்கென்று செய்த வின்டர் டயர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் “மாற்ற மறந்துட்டீங்களா?” என்கிறார்கள். மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். அதற்காக எல்லோரையும் இப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு வேண்டாம் என்பேன். டயரில் எத்தனை மில்லிமீட்டர் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், மிச்சம் இருக்கிறது, வண்டி எங்கே, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு பாரத்தோடு ஓடுகிறது, இவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒன்றைத் தள்ளிவைத்துவிடலாம். “ஃபோர் வீல் டிரைவ்தானே, எந்த டயர் போட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் நிறைய. இன்ஜினின் இழுவையை இரண்டு சக்கரத்துக்குப் பதிலாக நான்குக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. பனியில் கிளம்பவும் சேற்றிலிருந்து ஏறி வரவும் அது கைகொடுக்கும். நிற்கும்போது ஒன்றும் செய்யாது. பிரேக் பிடித்தால் சாதாரணக் காருக்கும் நான்கு சக்கரம்தான், நம் வண்டிக்கும் நான்கு சக்கரம்தான். போதாக்குறைக்கு நம் வண்டி கனமும் உயரமும் கூட. வளைவில் அது வெளிப்பக்கம் சாயும்போது அந்தப் பக்க டயர்கள்தான் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன.

வின்டர் டயரின் ரப்பர் கலவை குளிரில் விறைக்காமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. காற்றின் வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயர் கெட்டிப்பட ஆரம்பிக்கும், வின்டர் டயர் இளகியே இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 7 டிகிரியில் யாரும் கோடு போட்டுவைக்கவில்லை; தோராயமான எல்லைதான். ஆனால் மறுமுனையில் சந்தேகமே இல்லை. காற்று 30 டிகிரி என்றால் வெயில் நேராக விழும் தார்ச்சாலை 50ஐத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் இந்த ரப்பர் தேவைக்கு மேல் இளகிவிடுகிறது.

இதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். வெயிலில் ஓட்டி நிறுத்தியதும் ஒரு பட்டனைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அதன் மேல் நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்குமே, சைப் என்பார்கள், அவை வாய் திறந்து மூடும். பட்டன் மொத்தமும் கொஞ்சம் சாயும். பனியைக் கடித்துப் பிடிப்பதற்காக வைத்த வெட்டுகள் அவை. சூடான சாலையில் பிரேக் மிதிக்கும்போது ஒவ்வொரு பட்டனும் இப்படித்தான் முன்னால் சாய்ந்து, அதன் பிறகே பிடிக்கிறது. ஸ்டீரிங்கிலும் அது தெரியும். திருப்பினால் ஒரு கணம் தாமதித்துத்தான் வண்டி திரும்பும், ஜெல்லி மேல் நிற்கிற மாதிரி. நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது எனக்கு இது இன்னும் பிடிக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் ஒரு வண்டி கோடை டயரில் 40 மீட்டரில் நிற்கிறது, அதே வண்டி வின்டர் டயரில் 48 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி நின்றுவிட்ட அந்த இடத்தில், இரண்டாவது வண்டி இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். குறுக்கே யாராவது வந்திருந்தால் அந்த 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் மோதும். புது வின்டர் டயரைக் கோடையில் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். சீக்கிரம் தேய்வது, டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிப்பது, சத்தம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்படியானால் நான் ஏன் ஓட்டுகிறேன்? புது வின்டர் டயரில் பட்டனின் ஆழம் 8 அல்லது 9 மில்லிமீட்டர் இருக்கும். 4க்குக் கீழே இறங்கினால் பனியில் அதை நம்ப முடியாது. ஆஸ்திரியாவில் சட்டமே அப்படித்தான்: 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த ரேடியல் டயரை வின்டர் டயராகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆனால் சாதாரண டயருக்கான சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம் ஐரோப்பாவில் 1.6 மில்லிமீட்டர். ஆக, 4க்கும் 1.6க்கும் நடுவே மாட்டிக்கொண்ட டயர் பனிக்கு உதவாது, சட்டப்படி செத்தும் போகவில்லை. என்னுடைய நான்கும் குளிர்காலம் முடிந்தபோது நாலரையை ஒட்டி இருந்தன. வரும் பனிக்காலத்தின் நடுவே அவை 4க்குக் கீழே போய்விடும் என்பது நிச்சயம். கழற்றி வைத்துப் பயனில்லை, அதனால் இந்தக் கோடையிலேயே ஓட்டித் தீர்த்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

தேய்ந்த டயரில் ஒரு சின்ன லாபமும் உண்டு. பட்டன் குட்டையாகிவிட்டதால் அவ்வளவு சாயாது. காய்ந்த சாலையில் புது வின்டர் டயரைவிட இது கொஞ்சம் ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. மழையில் அப்படியே தலைகீழ். ஆழம் குறையக் குறைய தண்ணீரை வெளியே தள்ளும் இடமும் குறைகிறது, டயர் தண்ணீரின் மேல் மிதக்கப் பார்க்கும். அதனால் 1.6 வரை காத்திருக்க மாட்டேன். 3 மில்லிமீட்டர் வந்ததும் கழற்றிவிடுவேன். ஆழம் பார்க்கும் அளவுகோலை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லாத வண்டியில் உள் ஓரம் மட்டும் மொட்டையாகிக் கிடக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகளும் உண்டு. பக்கத்து ஊர் வரை போய்வர, மண்பாதைக்கு, மெதுவான மலைச்சாலைக்கு இந்த வண்டி. குடும்பத்தோடு, கூரையில் சாமான் கட்டி, நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் என்றால் இதை எடுக்கவே மாட்டேன். பாரமும் வேகமும் வெயிலும் சேர்ந்தால் டயர் உள்ளுக்குள் வேகும். காற்று குறைவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்ப்பது இந்த டயருக்கு இரட்டிப்பு முக்கியம். கூர்மையான சரளைக்கல் பாதையிலும் ஜாக்கிரதை. இளகிய பட்டனில் ஓரம் ஓரமாகத் துண்டு பெயரும்.

ஃபோர் வீல் டிரைவுக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. முன்னால் இரண்டு வின்டர், பின்னால் இரண்டு கோடை என்று கலந்து போடுவதோ, இரண்டை மட்டும் புதிதாக மாற்றுவதோ கூடவே கூடாது. என் வண்டியின் அளவு 225/65 ஆர்17. ஒரு சுற்றுக்குத் தோராயமாக இரண்டேகால் மீட்டர் ஓடும். பட்டனில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் சுற்றளவில் 25 மில்லிமீட்டர் வித்தியாசம். கிலோமீட்டருக்கு நான்கைந்து சுற்று முன்பின்னாகும். அந்த வித்தியாசத்தை, முன் பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் சென்டர் டிஃபரன்ஷியலோ கிளட்சோ ஓயாமல் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத பழைய ரகத்தில், காய்ந்த சாலையில் ஃபோர் வீலைப் போட்டால் அது ஷாஃப்ட்டிலும் கியரிலும் முறுக்காக ஏறும். சுபாரு போன்ற நிறுவனங்கள் நான்கு டயருக்கும் நடுவே சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்கின்றன. அதாவது பட்டனில் ஒரு மில்லிமீட்டர்! எனவே நான்கையும் ஒன்றாகப் போட்டு, ஒன்றாகத் தேய்த்து, ஒன்றாகத் தூக்கிப் போடுவதுதான் வழி. முன்பின் மாற்றிப் போடும்போது டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்துக்குள்தான் மாற்ற வேண்டும். ஸ்டெப்னியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஒருபோதும் இறங்காத புது ஸ்டெப்னியைத் தேய்ந்த மூன்றோடு சேர்த்து வெகுதூரம் ஓட்டினாலும் இதே கதைதான்.

சட்டத்தைப் பொறுத்தவரை பெரும்பாலான இடங்களில் கோடையில் வின்டர் டயருக்குத் தடையில்லை. இத்தாலி ஒரு விலக்கு: பதிவுச் சான்றில் உள்ளதைவிடக் குறைந்த வேகக் குறியீடு (டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் எழுத்து) கொண்ட வின்டர் டயரை மே 16 முதல் அக்டோபர் 14 வரை ஓட்டக் கூடாது. ஆணி பதித்த டயர் வேறு விஷயம். பனியோ உறைபனியோ இல்லாதபோது ஸ்வீடனில் ஏப்ரல் 16 முதல் செப்டம்பர் 30 வரை அதற்குத் தடை. தடையில்லாத இடத்தில்கூட அதைக் கோடையில் ஓட்ட எந்த நியாயமும் இல்லை.

வருஷம் முழுக்க ஒரே டயர்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது ஆல் சீசன் டயர். பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்தச் சின்னம். ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது தயாரிப்பாளர் தானாகப் போட்டுக்கொள்வது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் குளிர்காலச் சாலைக்கு அந்த எழுத்தை மட்டும் வைத்து ஏற்பதில்லை. மிஷெலின் 2015இல் கிராஸ்கிளைமேட் என்ற டயரைக் கொண்டுவந்த பிறகு இந்த ரகம் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. ஃபோர் வீல் வண்டிகளுக்கான ஆல் டெர்ரெயின் டயர்களிலும் பனிப்பூ போட்டவை கிடைக்கின்றன. கடும் பனியில் இவை அசல் வின்டர் டயருக்கு ஈடாகாது. ஆனால் ஜூலை மாதத்து மழையில் உங்களை நிறுத்தும்.

என்னைப் போல் பனி கனமாக விழும் பக்கம் இருப்பவர்கள் இரண்டு செட் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் தனி ரிம்மில். டயரை மாற்றாமல் விடுகிறவர்களில் பெரும்பாலோர் கணக்குப் பார்த்து விடுவதில்லை, மாற்றுகிற அலுப்பில் விடுகிறார்கள். தனி ரிம் இருந்தால் ஜாக்கியும், நட்டை அளவான முறுக்கில் இறுக்கும் டார்க் ரெஞ்சும் போதும், வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு தரம் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.