மூன்றாம் ஆண்டு வகுப்பும் ஒரு மாற்றல் கடிதமும்

ஜூலை 1

நிலாம் பதிவுகளைத் திருத்தினேன்; பிள்ளைகள் படித்த புத்தகங்களைக் கணக்கெடுக்கும் பள்ளி வாசிப்புத் திட்டம் அது. எட்டுப் பிள்ளைகள் ஒரே கதைச் சுருக்கத்தை, ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி பின்னட்டையைப் பார்த்து எழுத, மற்றவர்கள் அவளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எத்தனை புத்தகம் படித்தாய் என்று கேட்டால் இப்படித்தான் வரும்.

ஜூலை 2

நூலக அலமாரி எந்நேரமும் பூட்டியே கிடப்பதால், மைலோ பெட்டி ஒன்றில் புத்தகங்களை அடுக்கி, தினம் பத்து நிமிடம் வாசிக்க வகுப்பிலேயே வைத்துவிட்டேன். விரல் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன்: ஒரு பக்கம் வாசி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால் வேறு புத்தகம் எடு.

"பாதியிலயே வச்சிடலாமா டீச்சர்?"

வைக்கலாம் என்றதும் ஏதோ விடுமுறை விட்டதுபோல் ஒரு சத்தம்.

247 எழுத்தும் இவர்களுக்குத் தெரியும். ஆனால் கூட்டிக் கூட்டி வாசித்து வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறது. எளிய புத்தகமாக நிறைய வாசித்தால்தான் இது போகும். பயிற்சித்தாளால் போகாது.

ஜூலை 3

மாற்றல் கடிதம் வரவில்லை. அலுவலகத்தில் என்னைக் கண்டதுமே தலையாட்டிவிடுகிறார்கள்.

ஜூலை 4

கடைசி வரிசைப் பையன் மறுபடியும் பாம்புப் புத்தகம். "அதையேவா?" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை கேட்டார். அதையேதான். எத்தனை முறை படித்தாலும் நிலாமில் ஒன்றுதான், அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை.

இன்று அவனாகவே மேசைக்கு வந்தான். "டீச்சர், பாயான் லெப்பாஸ் கோயில் பாம்பு இதுல இல்ல."

சென்னையில் அச்சான புத்தகம். நல்ல பாம்பு, சாரை, கண்ணாடிவிரியன் எல்லாம் உண்டு. நம் பினாங்குப் பாம்புக் கோயிலின் பச்சைக் குழிவிரியன் அதில் எப்படி இருக்கும்? கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள குழியால் அது சூட்டை உணரும் என்றேன். நம்பவில்லை. எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்கிறான்!

ஜூலை 7

பினாங்கில் இன்று மரபு நகர விடுமுறை. சௌரஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றினேன். 1816-லேயே பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் என் கண்ணில் படவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பாம்புப் புத்தகம் கிடைத்தது, குழிவிரியன் படத்தோடு. வாங்கிவிட்டேன். உடனே கொடுக்கப்போவதில்லை, கொஞ்சம் தேடட்டும்.

ஜூலை 9

தேடுகிறான். ஓய்வு நேரத்தில் நூலகப் பொறுப்பாசிரியரிடம் போய் அலமாரியைத் திறக்கச் சொல்லியிருக்கிறான். அவர் என்னிடம் புகார் மாதிரி சொன்னார்.

ஜூலை 10

தலைவலி. அவர்களோடு உட்கார்ந்து நானும் நாவல் வாசித்தேன், அவ்வளவுதான்.

ஜூலை 15

கூட்டம் முடிந்து தாமதமாகத்தான் வகுப்புக்குப் போனேன். பாதிப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் மைலோ பெட்டியில் ஒருவனை உட்காரவைத்து பஸ் ஓட்டினார்கள். பரவாயில்லை. நான் இல்லாமல் பாதி.

கடிதம் வந்துவிட்டது. கெடா மாநிலத்தில் கூலிம். அடுத்து வருபவர் இந்தப் பத்து நிமிடத்தைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டால்? பெட்டியை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டால்? பாதி என்பது கால் ஆக எத்தனை வாரம் ஆகும்? தூக்கம் வரவில்லை.

ஜூலை 16

புலனத்தில் (வாட்ஸ்அப்) ஓர் அம்மா: "டீச்சர், கதைப் புத்தகத்த வச்சுக்கிட்டு வீட்டுப்பாடமே செய்ய மாட்டேங்கிறா. கொஞ்சம் சொல்லுங்க." சிரிப்புதான் வந்தது. ஆனால் அவர் வேலை முடிந்து வந்து, சமைத்து, அப்புறம் இவளோடு மல்லுக்கட்ட வேண்டும். எழுத்தில் பதில் சொன்னால் சரியாக வராது. நாளை போன் செய்ய வேண்டும், ஏழு மணிக்கு மேல்.