ஊருக்கு வைத்திருந்த லீவு

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு லீவு என்றால் ஊர்தான். திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அப்படித்தான். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். ஆனால் மலை இறங்கிக் கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேரவே பாதி நாள் போய்விடும். அதனால் சும்மா ஒரு எட்டுப் போய்விட்டு வர முடியாது. லீவைச் சேர்த்து வைத்துத்தான் கிளம்ப வேண்டும்.

இங்கே கடை, காரியாலய ஊழியர்களுக்கென்று 1954-இல் வந்த சட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் தற்செயல் லீவு. புதிதாகச் சேர்ந்தவருக்கு இது முழுசாகக் கிடைக்காது. முதல் வருடம் இரண்டு மாதம் வேலை செய்தால் ஒரு நாள் தற்செயல் லீவு, அவ்வளவுதான். அடுத்த வருடம் கிடைக்கும் வருடாந்த லீவும் எந்த மாதம் சேர்ந்தோம் என்பதைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூனுக்குள் என்றால் 10, அதற்கடுத்த மூன்று மாதத்துக்கு 7, வருடக் கடைசியில் சேர்ந்தால் 4. புதிதாக இங்கே வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நான் சேர்ந்தது மே மாதம். எனக்கு வரவேண்டிய பத்து நாளையும் ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கும் அண்ணன் மகள் காதுகுத்துக்கும் என்று எப்போதோ ஒதுக்கிவிட்டேன். அம்மா காலண்டரில் வட்டம் போட்டே வைத்திருந்தார்.

ஜூன் மாதம் மல்லி படுத்துவிட்டாள்.

கொட்டகலைப் பக்கம், தேயிலை மலையை ஒட்டி, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே இருக்கிறது என் வாடகை வீடு. வந்த புதிதில் ஒரு மழை நாள் வாசலில் வந்து படுத்த நாட்டு நாய்க்குட்டிதான் மல்லி. அதன் பிறகு போகவே இல்லை. காலையில் நான் பஸ் ஏறும்வரை கூடவே வருவாள், சாயங்காலம் பனிமூட்டத்துக்குள் அதே இடத்தில் நிற்பாள். பேசுவதற்கு யாருமில்லாத அந்த முதல் மாதங்களில் நான் வாய்விட்டுப் பேசியது அவளிடம்தான்.

முதலில் கண்ணில் பட்டது தண்ணீர். இந்தக் குளிரில் எந்த நாயும் அப்படித் தண்ணீர் குடிக்காது. சட்டியை வைக்க வைக்கக் காலி. அப்புறம் சாப்பாட்டை ஒதுக்கினாள், வாந்தி எடுத்தாள், வயிறு கொஞ்சம் உப்பினாற்போல் இருந்தது. டவுனில் பார்த்த மிருக வைத்தியர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கருப்பையில் சீழ் கட்டியிருக்கும், பேராதனைக்குக் கொண்டுபோங்கள், நாளைக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பெண் நாய்களுக்கு இணைசேரும் பருவம் முடிந்த சில வாரங்களில் இந்த நோய் வரும். சீழ் வெளியே வந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். உள்ளேயே அடைத்துக்கொண்டால் ஆபத்து இன்னும் கூடுதல். கருப்பையையும் சினைப்பையையும் எடுப்பதுதான் உறுதியான வைத்தியம். வளர்ந்ததும் கருத்தடை அறுவை செய்த நாய்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வருவதே இல்லை. பெண் நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் இப்போது நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தோடு சேர்ந்து போதனா வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வாடகை வேனில் போனோம். வளைவுக்கு வளைவு மல்லியின் தலை என் மடியில் உருண்டது. கம்பளை வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்குச் சூடு. அன்றே அறுவை. மயக்கம் தெளிந்து அவள் வெளியே வந்தபோது, தமிழ் பேசும் மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். தையல் பிரிக்கப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும், அதுவரை குளிப்பாட்டக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, துள்ளக் கூடாது, தையலை நக்கவே கூடாது. காலையிலும் மாலையிலும் தையலைப் பார்க்க வேண்டும், சிவந்து வீங்கினாலோ நீர் வடிந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும். கடைசியாக, "வீட்டில் பகலில் யார் இருப்பீங்க, அக்கா?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை.

லீவு கேட்பது எனக்குச் சின்ன விஷயமாக இருக்கவில்லை. என் வதிவிட விசா இந்த வேலையோடு கட்டிப்போட்டது. வருடா வருடம் புதுப்பிக்கும்போது நிறுவனத்தின் கடிதம் வேண்டும். அப்படியிருக்க, நாய்க்காக ஒரு வாரத்துக்கு மேல் வீட்டிலிருக்கிறேன் என்று போய் நிற்பதற்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்து மேசைத் தோழி நல்ல எண்ணத்தில், "காய்ச்சல் என்று எழுதுங்கோ, லேசா முடிஞ்சிடும்" என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குடும்பத்தில் யாருக்காவது அறுவை என்றால் கூட இருப்பதற்கு யாரும் கூச்சப்படுவதில்லையே. இங்கே வலி எங்கே என்று வாயால் சொல்ல முடியாத ஓர் உயிர் கிடக்கிறது. அதற்கு என்னை விட்டால் வேறு ஆளில்லை. அதை மறைத்து ஒரு பொய்க் காய்ச்சலை எழுதினால், நான் செய்வது ஏதோ தகாத காரியம் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். காரணம் என்ற கோட்டில் "வளர்ப்பு நாய்க்கு அறுவைச் சிகிச்சை, பராமரிக்க வேறு ஆளில்லை" என்று எழுதி நேராக மனேஜரிடம் கொண்டுபோனேன்.

"நாய்க்கா?" என்றார்.

"ஆமாம் சேர். பேராதனையில் ஆபரேஷன் முடிந்திருக்கிறது."

"பேராதனைக்கே கொண்டுபோனீங்களா?" என்று நிமிர்ந்து பார்த்தார். தன் வீட்டில் இரண்டு நாய்கள் இருப்பதாகச் சொன்னார். முதல் ஒரு வாரம் வருடாந்த லீவில் போகட்டும், அதற்கப்புறம் தையல் பிரிக்கும்வரை அரை நாள் அரை நாளாக எடுங்கள், மாதக் கடைசிக் கணக்கை மட்டும் வீட்டிலிருந்து பார்த்து அனுப்பிவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டார். நடுவில் பொசன் போயா வந்ததால் ஒரு நாள் மிச்சமானது. இங்கே மாதா மாதம் பௌர்ணமிக்கு விடுமுறை.

அன்று இரவு அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். ஆடிக்கு வர முடியாது என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அது சாப்பிட்டுச்சா?" என்றுதான் கேட்டார்.

பேராதனையைவிட எங்கள் மலை எழுநூறு மீட்டருக்கு மேல் உயரம். அங்கே வெயிலில் மயக்கம் தெளிந்த நாய்க்கு இங்கே வந்ததும் உடம்பு நடுங்கியது. சுடுதண்ணீரைப் போத்தலில் நிரப்பித் துவாயில் சுற்றி முதுகோடு அணைத்து வைத்தேன். ஈறு வெளுக்காமல் இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தபடியே இரவு போனது. கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கோன் அவளுக்குப் பிடிக்கவேயில்லை. கதவு நிலையில் இடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள், நான்தான் போய்த் திருப்பிவிட வேண்டும்.

பகலில் நான் அந்த வீட்டில் இருந்ததே அப்போதுதான். ஒரு வருடமாக இருட்டோடு போய் இருட்டோடு திரும்பியவளுக்கு அந்த மலைக்கு ஒரு பகல் இருப்பது தெரியாது. காலையில் பெரட்டு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் கூட்டம், முடிந்து பெண்கள் கூடையோடு மேலே ஏறுவார்கள், மத்தியானம் கொழுந்து நிறுக்க இறங்குவார்கள். பத்து மணி வாக்கில் மெட்டை ஒலிக்கவிட்டுக்கொண்டு பாண் என்கிற ரொட்டி விற்கும் ஆட்டோ வரும். அந்த மெட்டுக்கு மல்லி முதல் முறையாகத் தலை தூக்கியபோது ஓடிப்போய் ஒரு பணிஸ் வாங்கினேன். ஒரு வாய்தான் தின்றாள். எனக்கு அதுவே போதும்.

பக்கத்து லயத்து அக்கா தினமும் கொழுந்து நிறுத்துவிட்டு எட்டிப் பார்ப்பார். அவருடைய சின்னம்மா குடும்பம், மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, கோத்தகிரிக்குப் போய்விட்டது. நீ அங்கிருந்து இங்கே வந்திருக்கியே புள்ள என்று என்னை எப்போதும் ஆச்சரியமாகப் பார்ப்பார். மல்லி முனகுவதைக் கேட்டு அரை பனடோல் கொடுக்கலாமே என்றார். மனிதர் சாப்பிடும் பரசிட்டமோலும் இபுபுரூஃபனும் நாய்க்கு விஷமாகிவிடலாம், வைத்தியர் எழுதித் தந்த மருந்து மட்டும்தான் என்று சொன்னதும், லயத்தில் மற்றவர்களிடமும் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். நான் வேலைக்குப் போகும் அரை நாட்களில் தானே வீட்டிலிருந்து பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. எனக்கு லீவு எடுத்தாலும் சம்பளம் வரும். அக்கா ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. மத்தியான இடைவேளையில் வந்து தண்ணீர் வைத்தால் போதும் என்றேன். தண்ணீரோடு நிற்கவில்லை அவர். உப்புப் போடாமல் வேகவைத்த மீனைச் சோற்றில் பிசைந்து, முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து ஊட்டியிருக்கிறார்.

பயந்தது ஒரே ஒரு காலைதான். மழை பிடித்துக்கொண்ட நேரம். வெளியே கூட்டிப்போய்த் திரும்பி வந்ததும் தையலுக்குப் பக்கத்தில் ரத்தம். கோடாக வழிந்து, மயிரில் ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. தையல் விட்டுவிட்டது என்று கை கால் ஓடவில்லை. வேனுக்குச் சொல்ல ஃபோனை எடுத்தபடியே துவாயால் ஒற்றிப் பார்த்தால், தையல் அப்படியே இருக்கிறது, ஒரு முடிச்சும் அவிழவில்லை. ஒரு விரல் தள்ளி, பின்தொடை மடிப்பில், குடித்துக் கொழுத்த அட்டை ஒன்று கறுப்பாகத் தொங்கியது. சத்தம் கேட்டு வந்த அக்கா, பிய்த்து இழுக்காதே என்று என் கையைத் தட்டிவிட்டு, நகத்தின் ஓரத்தைத் தோலோடு வைத்து நகர்த்தி மெல்லக் கழற்றினார். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் உறைய நேரமாகும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்குப் பெரட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் சொல்லித்தான் எழுந்து ஓடினார். அன்றிலிருந்து மல்லியைப் புல்லில் விடுவதில்லை, சிமெந்து வாசலோடு சரி. உள்ளே வந்ததும் கால் விரலிடுக்கு, தொடை மடிப்பு, காது எல்லாம் பார்த்துவிடுவேன்.

தையல் பிரிக்க மறுபடி பேராதனை போனபோது மல்லி வேனில் உட்கார மாட்டேன் என்று ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டே வந்தாள். காயம் நன்றாகக் கூடியிருந்தது. அதே மாணவி கோனைக் கழற்றிவிட்டாள். மல்லி உடம்பு முழுவதையும் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, முதலில் அவள் கையைத்தான் நக்கினாள்.

லீவில் மிச்சம் இருப்பது ஊருக்குப் போய்வரக் காணாது. காதுகுத்தை வீடியோவில் பார்த்தேன். அம்மா இப்போது புரட்டாசியில் இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார், டிக்கெட்டும் போட்டாயிற்று. ஸ்வெட்டர் இரண்டு, காலுக்கு நீளமான சாக்ஸ், அக்காவுக்கு ஒரு சுங்கடிச் சேலை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.