9.8 வந்தே தீரும் ஆய்வகம்

நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டும் தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வராத செய்முறைக் குறிப்பேட்டை அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். நிறுத்துக் கடிகாரத்தைத் தாமதமாக அழுத்துகிறவர்களுக்கும் அதே 9.8. விடையைத் தெரிந்துகொண்டு, ஊசல் ஒருமுறை போய்வரும் அலைவு நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதிவிடுகிறார்கள். இதை ஏமாற்று வேலை என்று கண்டிப்பது எளிது. (மதிப்பெண் முறை அப்படித்தானே கேட்கிறது!) என்னை உறுத்துவது வேறு. அறிவு புத்தகத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்டது, ஆய்வகம் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் இடம் என்று அந்தக் குறிப்பேடு சொல்கிறது.

பாடநூலின் முதல் அத்தியாயம் பேசுவதோ நேர்மாறாக: உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, பிறகு விதி. அதோடு நிற்காமல், ஒரு கோட்பாடு அறிவியலாக இருக்க வேண்டுமானால் அது பொய்யென்று காட்டப்பட வழி இருக்க வேண்டும் என்று 1934இல் அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் வாதிட்டதையும் ஒரு வகுப்பில் சொன்னேன். உடனே ஒரு மாணவி கேட்டாள்: "எனக்கு 9.2 வந்தது சார். அப்படியானால் நியூட்டன் தவறா?"

வகுப்பு சிரித்தது. கேள்வி சிரிப்புக்குரியது அல்ல.

யுரேனஸின் பாதை நியூட்டனின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பெரும்பாலோர் நியூட்டனைக் கைவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பதாகக் கருதி பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே அதன் இடத்தைக் கணித்தார். 1846இல் பெர்லினில் வானியலாளர் கல்லே, அவர் சொன்ன இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு பாகைக்குள் நெப்டியூனைக் கண்டார். புதனின் பாதை பிசகியபோது அதே லெ வெரியே 1859இல் அதே உத்தியைக் கையாண்டார். அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அப்படியொரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 வில்வினாடி (ஒரு வில்வினாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) என்ற அந்தப் பிசகுக்கு 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் விளக்கம் தந்தது. கணக்கைச் சந்தேகிப்பதா, வானத்தைச் சந்தேகிப்பதா, கோட்பாட்டையே சந்தேகிப்பதா என்று முன்கூட்டியே சொல்லும் விதி எதுவும் இல்லை. எந்தக் கருதுகோளும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துயெம் வாதிட்டது இதைத்தான்.

ஆகவே அந்த மாணவி நியூட்டனைச் சந்தேகிக்காமல் கடிகாரத்தைச் சந்தேகித்தால் அது கோழைத்தனம் அல்ல. வானியலாளர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் யுரேனஸின் பிசகை அட்டவணையிலிருந்து அழித்துவிடவில்லை.

இப்போது வந்த எண்ணை அப்படியே எழுதச் சொல்கிறேன். கீழே, எதன்மேல் சந்தேகம், அதை எப்படிச் சோதிப்பாய் என்று இரண்டு வரி. மதிப்பெண் அந்த வரிகளுக்குத்தான். முதலில் எல்லோரும் 'காற்றின் தடை' என்றே எழுதுகிறார்கள். காற்று அலைவு நேரத்தை எவ்வளவு மாற்றும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால், நூலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தைச் சேர்க்காமல் விட்டது சிலருக்கு நினைவுக்கு வருகிறது.