நூலகத்துல எதுக்கு அரசியல்?

குடியுரிமை, அகதிகள், பாடநூல் வரலாறு என்று நூலகக் கூட்டத்துக்குத் தலைப்பு வைத்தால் போதும், "இங்க எதுக்கு அரசியல்?" என்று கேட்க ஒருவர் வந்துவிடுகிறார். அலமாரியில் பாதி அதுதானே சார்!

யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1949லேயே வந்தது. 1994 பதிப்பு நேராகவே சொல்கிறது: நூலகச் சேவைகள் கருத்தியல், அரசியல், மதத் தணிக்கைக்கோ வணிக நெருக்கடிக்கோ ஆட்படக் கூடாது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் உரிமைப் பிரகடனத்தில் கூட்ட அறைகளைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. அறை கேட்டு வருபவரின் நம்பிக்கையையோ சார்பையோ பார்த்து அதை மறுக்கக் கூடாது.

எனக்குப் பிடித்தது பேச்சு முடிந்த பிறகு வரும் கேள்வி நேரம்தான். "ஒரு சின்னக் கேள்வி" என்று மைக்கை வாங்கித் தனிச் சொற்பொழிவு ஆற்றும் பெரியவர் எங்கும் இருக்கிறார், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பேச்சாளர் சொன்ன வருஷம் தப்பு என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து சொல்ல, நூலகர் உள்ளே போய் அந்தத் தொகுதியையே தூக்கி வந்து மேசையில் விரித்து வைப்பார் பாருங்கள், டிவி விவாதத்தில் அதற்கு வழியே கிடையாது.

நடத்துபவர்களுக்கு ஒன்று. தொடர்புடைய புத்தகங்களை ஒரு வாரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். எதிர்த்தரப்பு எழுதியதையும் சேர்த்து.