பெயர் இல்லாத மூன்று பெண்கள்

நாங்கள் விற்கும் ஒரு பிரதி ஓவியத்திலிருந்து பெயர்களை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தது நான்தான். அது சரியான முடிவு என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் வாதாடி முடித்ததும் அதை வரைந்த மூத்த ஓவியர் என்னிடம் கேட்ட கேள்வி மறுபடி வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

படம் ஜப்பானிய ஓவியர் கிதகாவா உதமாரோவின் ‘இக்காலத்து மூன்று அழகியர்’. 1793 வாக்கில் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) த்சுதயா ஜூசபுரோ வெளியிட்ட மரக்கட்டை அச்சு. மூலம் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் உயரம். எங்களிடம் பிரதி கேட்ட விடுதிக்காரர்கள் தங்கள் வரவேற்புக் கூடத்துக்குக் கேட்டது ஆள் உயரத்துக்கு. அந்த அளவுக்கு அப்படியே பெரிதாக்கி அச்சடித்தால் நெற்றி ஓரத்து மயிரிழைகள் கயிறு கயிறாகத் தெரியும். செர்ரி மரப் பலகையில் செதுக்கியவன் அந்தச் சின்னத் தாளுக்காகச் செதுக்கினான். அதனால் கையால்தான் வரைய வேண்டும், ஒவ்வொரு இழையையும் மெல்லிய தூரிகையால் புதிதாக இழுத்து.

முகம் இன்னும் கஷ்டம். அச்சில் முகத்துக்கு வண்ணமே கிடையாது, தாளின் வெண்மைதான் தோல். அதையே ஆள் உயரத்தில் விட்டால் வெறும் தாளாகத்தான் தெரியும். எனவே சிப்பித் தூளை, நம்மூர்த் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்வது போன்ற பசையில் குழைத்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவார் அந்த ஓவியர். ஒரு பூச்சு காயாமல் அடுத்தது கூடாது. பின்னணிக்கு மைக்காத் தூள். அதன் மினுமினுப்பை மட்டும் எந்தப் புகைப்படமும் காட்டுவதில்லை.

முகங்கள் முடிந்து, எழுத்துகளுக்கு இடம் குறித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் விடுதியிலிருந்து தகவல் வந்தது. மேலே இருக்கும் தலைப்பும் பெயர்களும் வேண்டாம், கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. உதமாரோவின் கையெழுத்து மட்டும் இருக்கட்டும்.

நான் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “வரைந்தவர் பெயர் இருக்கலாம். வரையப்பட்டவர்கள் பெயர் இருக்கக் கூடாதா?”

என்னிடம் பதில் தயாராக இருந்தது. பெயர் இல்லாத பதிப்பும் உண்மையாகவே உண்டு. முதலில் வந்ததில் தலைப்பும் மூன்று பெயர்களும் இருந்தன. பின்னால் வந்ததில் இல்லை, கையெழுத்து மட்டும் இருக்கிறது. ஆக நாம் எதையும் திரிக்கவில்லை, இன்னொரு பதிப்பைப் பிரதி எடுக்கிறோம். இதை நிதானமாக, மரியாதையாகத்தான் சொன்னேன்.

“அந்தப் பதிப்பில் ஏன் இல்லை என்று தெரியுமா?” என்றார்.

தெரியும். விலைமாதர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று 1793இல் அரசு தடை போட்டது. அதை ஒட்டியே பெயர்கள் நீங்கின என்று கருதப்படுகிறது. நடுவில் இருப்பவர் தொமிமோதோ இசைப் பாணியில் பேர் பெற்ற கெய்ஷா, அதாவது ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞர், தொயோஹினா. ஓகிதா அசாகுசா கோயில் பக்கத்துத் தேநீர்க் கடைப் பெண். ஓஹிசா, ரியோகோகுவில் அரிசி வறுவல் விற்ற குடும்பத்து மகள். இந்த இருவருக்கும் 16, 17 வயதுதான். அரசகுலத்தார் இல்லை, தேவதைகள் இல்லை. கடைக்குப் போனால் நேரில் பார்க்கக்கூடிய பெண்கள். பெயரைச் சேர்த்து அச்சிட்டதால்தான் ஊர் அவர்களைப் பார்க்கப் போயிற்று.

அவர் இன்னொரு வழி சொன்னார். தடைக்குப் பிறகு உதமாரோ வேறு படங்களில் பெயருக்குப் பதிலாகப் படப் புதிர் போட்டிருக்கிறார்: இரண்டு கட்டுக் கீரை, அம்பு, கடல், வயல். அவற்றின் ஜப்பானியச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் நானிவயா ஓகிதா; நானிவயா என்பது அவருடைய தேநீர்க் கடையின் பெயர். 1796இல் அதையும் தடை செய்தார்கள். “விடுதிக்கு எழுத்துதானே பிடிக்கவில்லை? மூலையில் சின்னதாகப் புதிரைப் போட்டுவிடுகிறேன்” என்றார்.

நான் மறுத்துவிட்டேன். இந்த அச்சில் புதிர் கிடையாது, இல்லாததைச் சேர்த்தால் அது பிரதி ஆகாது என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. எடுப்பதற்கு ஒரு பதிப்பைச் சாட்சியாகக் கூப்பிட்டேன். சேர்க்கக் கூடாது என்பதற்கும் அதே சாட்சி. இரண்டு முறையும் அது விடுதிக்குச் சாதகமாகவே பேசியது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் நான் சொன்னதில் பொய் இல்லை. மூலத்தில் இல்லாத ஒன்றை வரைந்து அதை உதமாரோ என்று விற்பது எனக்கு இன்றும் ஒப்பாத காரியம்.

அவர் மேலே வாதாடவில்லை. குடும்பச் சின்னங்களை மட்டும் காட்டினார். தொயோஹினாவுக்குப் பிரிம்ரோஸ் பூ, ஓஹிசாவுக்கு மூன்று ஓக் இலைகள், ஓகிதாவுக்கு பவுலோனியா என்ற மரத்தின் இலையும் பூவும். பெயர் போன பிறகும் தெரிந்தவர்கள் ஆளை அடையாளம் காண இவை போதும். போதும் என்று நானும் பலமாகத் தலையாட்டினேன். எடோவில் போதுமாக இருந்திருக்கும். இன்று அந்த விடுதிக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு? மூன்று முகமும் ஒரே முகம் என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். கன்னத்தின் நிறைவு, மூக்கின் வளைவு, கண்ணின் அமைப்பு என்று சின்னச் சின்ன வித்தியாசங்களை உதமாரோ வைத்திருக்கிறார். பெயர் இருந்தால் அந்த வித்தியாசத்தைத் தேடத் தோன்றும். இல்லாவிட்டால் ‘ஜப்பானியப் பெண்கள்’ என்று கடந்துவிடலாம்.

விடுதிக்காரர்களையும் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் சுவருக்குப் படம் வாங்குகிறார்கள். படத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. நான் பிடிவாதம் பிடித்திருந்தால் ஒப்பந்தம் போயிருக்கும், அவருடைய உழைப்புக்கும் கூலி இல்லாமல் போயிருக்கும். இதையும் அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை. சொல்லியிருந்தால் அவரைக் காட்டி நான் தப்பித்த மாதிரி ஆகியிருக்கும். இத்தனைக்கும் அவருடைய பெயர் படத்தில் எங்கேயும் வராது. அது எங்கள் தொழில் வழக்கம். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை, அந்த மூன்று பேருக்காகத்தான் பேசினார்.

இப்போது விலைப்பட்டியலில் நானே இரண்டு விதமாகக் குறிப்பிடுகிறேன்: பெயர்களோடு, பெயர்கள் இல்லாமல். விலை ஒன்றுதான். பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள். ஓரிருவரிடம் பெயர்களைப் பற்றி எடுத்துச் சொன்னேன், பிறகு அதையும் விட்டுவிட்டேன். அவர் மறுப்பதில்லை, வரைந்து தருகிறார். கணக்கு அனுப்பும்போது மட்டும் எழுத்துக்கான கூலியைத் தனி வரியாகப் போட்டுக் கழித்திருப்பார். கழிக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். செய்யாத வேலைக்கு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.